தென்னோலையில் வெள்ளைப் புள்ளி: தென்னைச் செதில்பூச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று கரையோரமாகப் போனால் தென்னை இல்லாத வளவைக் காண்பது அரிது. வளவுக்காரர்கள் கேட்கிற சந்தேகமும் பெரும்பாலும் ஒன்றுதான்: ஓலைக்கு அடியில் வெள்ளைப் புள்ளி, மேலே மஞ்சள், என்ன மருந்து அடிக்கலாம்? மருந்தின் பேரைத் தேடுவதற்கு முன் பூச்சியின் பேரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் நான் எப்போதும் சொல்கிறேன். பேர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும், காசும் போகும். அதனால் கேட்டவர்கள் கேட்ட வாய்மொழியிலேயே கேள்விகளை எழுதி, பதில்களை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

தம்பி, தென்னோலைக்கு அடியில வெள்ளை வெள்ளையா ஒட்டிக் கிடக்கு. இது பங்கசா, பூச்சியா?

அநேகமாகத் தென்னைச் செதில்பூச்சி. ஆனால் பார்த்துவிட்டுச் சொல்வதே சரி. கீழோலை ஒன்றிலிருந்து ஓர் இதழை முறித்து, அடிப்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் அகலத்தில், மெல்லிய, ஊடே பார்க்கக்கூடிய வட்ட ஓடுகள் தெரியும். தாச்சியில் முட்டையை உடைத்து ஊற்றினால் வெள்ளைக்கு நடுவே மஞ்சட்கரு நிற்குமே, அதே தோற்றம்.

இனி ஊசி முனையால் ஓட்டின் ஓரத்தை மெதுவாகத் தூக்குங்கள். ஓடு தனியே கழன்று வரும். மஞ்சள் உடல் மட்டும் ஓலையோடு ஒட்டியபடி கிடக்கும். அதைச் சுற்றி மிகச் சிறிய மஞ்சள் முட்டைகளும், பொரித்துப் போன முட்டைகளின் வெள்ளைத் தோல்களும் இருக்கலாம். பங்கசு இப்படி ஓடு வேறு உடல் வேறாகப் பிரியாது. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லை ஒன்று வாங்கி வைத்தால் இந்தப் பக்கத்தில் உள்ள முக்கால்வாசிக் கேள்விகளுக்கு நீங்களே விடை கண்டுவிடலாம்.

பூச்சி எண்டா காலும் சிறகும் எங்க?

பொரித்து வரும்போது கால் உண்டு. அந்தக் குஞ்சுக்கு ஆறு கால், இரண்டு உணர்கொம்பு, நடக்கவும் தெரியும். நல்ல இடம் ஒன்றைக் கண்டதும் வாயிலிருக்கும் நூலிழை போன்ற உறிஞ்சியை ஓலைக்குள் குத்திவிட்டு உட்கார்ந்துவிடுகிறது. முதல் தோலுரிப்போடு கால் போய்விடும். பெண்ணாக இருந்தால் பிறகு சாகும் வரை அதே இடம்தான். மேலே இருக்கிற ஓடு அதன் உடம்பின் பகுதி அல்ல. மெழுகு இழை, கழிவு, உரித்த தோல் எல்லாவற்றையும் சேர்த்து அது கட்டிக்கொள்ளும் கூரை அது.

ஆண் பூச்சியின் ஓடு சிறியது, நீள்வட்டமானது. ஆணுக்குக் கடைசியில் ஒரு சோடி சிறகு முளைக்கிறது, வாய் கிடையாது. பெண்ணைத் தேடிப் பறந்து, கூடிவிட்டுச் சீக்கிரமே செத்துப்போகும். அவ்வளவு சின்னது என்பதால் நம் கண்ணில் படுவதே அபூர்வம்.

வெள்ளை ஈ எண்டு ஒண்டு வந்துதே, அதுவும் இதுவும் ஒண்டா?

இல்லை. அண்மை ஆண்டுகளில் இலங்கை முழுக்கத் தென்னையில் வெள்ளை ஈ பரவியதால், வெள்ளையாக எதைக் கண்டாலும் அந்தப் பேரையே சொல்கிறோம். வெள்ளை ஈ இருக்கும் ஓலையை ஒரு தட்டுத் தட்டினால் சின்னச் சின்ன வெள்ளைப் பூச்சிகள் கிளம்பிப் பறக்கும். மாப் பூசியது போல மெழுகு இருக்கும், சில இனங்களில் அது சுருள் சுருளாகக் கிடக்கும். முக்கியமாக, அது இனிப்புத் திரவத்தைச் சொட்டவிடும். அந்தத் திரவத்தில் கரும்பூஞ்சணம் வளர்ந்து கீழோலையும், மரத்தடி வாழையும், சில வேளை வீட்டுக் கூரையும் கறுத்துவிடும்.

செதில்பூச்சி தட்டினாலும் பறக்காது, சொட்டவும் விடாது. வெள்ளை ஈ சாறு ஓடும் குழாயில் வாய் வைத்துக் குடிப்பதால் மிஞ்சிய இனிப்பை வெளியே விடவேண்டி இருக்கிறது. ஓட்டுச் செதில்பூச்சி அந்தக் குழாயைத் தேடுவதில்லை. ஓலையின் சாதாரணக் கலங்களை ஒவ்வொன்றாகக் குத்தி உள்ளிருப்பதை உறிஞ்சுகிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மருந்து பற்றிய கேள்வியில் இது திரும்ப வரும். ஓலை கறுத்து எறும்பு ஊர்ந்தால் வேறு பூச்சியும் கூட இருக்கிறது என்று அர்த்தம்.

இதின்ர சரியான பேர் என்ன? ஆளுக்கொரு பேர் சொல்றாங்க.

அறிவியல் பேர் அஸ்பிடியோட்டஸ் டெஸ்ட்ரக்டர். 1869இல் சிஞோரே என்ற பிரெஞ்சுக்காரர், இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவின் தென்னையிலிருந்து வந்த மாதிரிகளை வைத்து விவரித்துப் பேரிட்டார். அஸ்பிடியோட்டஸ் என்ற பேரினத்தை அதற்கு முன்னரே, 1833இல், பூஷே என்பவர் ஏற்படுத்தியிருந்தார். அலரிச் செடியில் வாழும் அஸ்பிடியோட்டஸ் நேரியைத்தான் இந்தப் பேரினத்தின் மாதிரி இனமாக வைத்திருக்கிறார்கள்.

பேர்க் குழப்பம் நம் நாட்டிலும் நடந்தது. தேயிலைப் பூச்சிகளை ஆராய்ந்த எர்னஸ்ட் கிரீன், இங்கே கண்ட ஒரு பூச்சியைப் புதியது என்று கருதி 1890இல் அஸ்பிடியோட்டஸ் டிரான்ஸ்பேரன்ஸ் என்று பேரிட்டார். அது ரீயூனியன் பூச்சியேதான் என்று பின்னால் தெளிவானதால், முந்திய பேரே நிலைத்தது. கிரீனைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 1896 முதல் 1922 வரை பகுதி பகுதியாக அவர் வரைந்து வெளியிட்ட இலங்கைச் செதில்பூச்சிகளின் விவரங்களை இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். ஒரே பூச்சி பல நாட்டில், பல செடியில் இருந்தால் இப்படிப் பல பேர் வாங்குவது வழக்கம். இதற்கு வேறு நாடுகளிலும் பேர்கள் வைத்திருந்தார்கள்.

செதில்பூச்சி, மாப்பூச்சி, மூட்டைப்பூச்சி எல்லாம் சொந்தக்காரரா?

தூரத்துச் சொந்தம். எல்லாம் உறிஞ்சும் வாய் கொண்ட ஹெமிப்டெரா வரிசையைச் சேர்ந்தவை. சில்வண்டும் அதே வரிசைதான். அதற்குள் செதில்பூச்சிகளும் மாப்பூச்சிகளும் ஒரே பெருங்குடும்பத்தில் அடங்கும், கட்டிலில் கடிக்கும் மூட்டைப்பூச்சி வேறு கிளை.

நமக்குப் பயன்படும் பிரிவு இதுதான். ஓட்டுச் செதில்பூச்சிகள் டயஸ்பிடிடே குடும்பம். உலகில் 2,500க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஓட்டைத் தூக்கினால் தனியே வரும், இனிப்புச் சொட்டாது. மென்செதில்பூச்சிகள் கொக்சிடே குடும்பம். அவற்றின் மேற்தோலே மூடி, தூக்கினால் பூச்சியும் சேர்ந்து வரும், இனிப்புச் சொட்டும். கோப்பிச் செடியில் வரும் பச்சைச் செதில் இந்த இரண்டாவது வகை. மாப்பூச்சிக்கு ஓடே இல்லை, வெறும் மெழுகு மாவுதான், மெதுவாக நடந்தும் திரியும். பப்பாசியைச் சில ஆண்டுகளுக்கு முன் படுத்திய வெள்ளை அதுதான்.

தென்னையில மட்டும்தான் வருமா? எங்கட வாழையிலயும் கொய்யாவிலயும் இதே மாதிரி இரிக்கி.

நிச்சயமாகத் தென்னையில் மட்டும் இல்லை. பேரில் தென்னை இருந்தாலும் இது கண்டதையும் தின்னும் பூச்சி. டசின் கணக்கான தாவரக் குடும்பங்களில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நம் வளவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலே தென்னை, வாழை, கொய்யா, மா, பப்பாசி, பலா, ஈரப்பலா, மரமுந்திரிகை, கமுகு, மரவள்ளி, தாழை என்று பட்டியல் நீண்டுவிடும். கோவில் முற்றத்து அலரிப்பூ மரத்திலும் வரும். மலைநாட்டில் தேயிலையில், கேரளத்தில் மிளகுக் கொடியில், வேறு நாடுகளில் அவகாடோ, றப்பர், எண்ணெய்ப்பனை என்று போகிறது.

ஆனால் ஒரு செடியில் பதிவாகியிருக்கிறது என்பதும் அந்தச் செடிக்குக் கேடு செய்கிறது என்பதும் ஒன்றல்ல. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. தென்னையிலும் வாழையிலும் இது கூட்டமாகப் பெருகும். மரவள்ளியிலோ மாவிலோ பத்து இருபது ஓடு ஒட்டியிருந்தால், பார்த்துவிட்டு விட்டுவிடலாம். வாழையில் இலையின் அடியிலும், கூடினால் காயின் தோலிலும் மஞ்சள் திட்டாகத் தெரியும். கொய்யாவில் இலையின் நடு நரம்போரமாகப் பாருங்கள், அங்கேதான் முதலில் குடியேறும்.

இன்னொன்று, கொய்யாவிலோ மாவிலோ ஓடு கண்டால் அது இதே இனம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். மாவிலையில் வெள்ளை ஓடும், பக்கத்தில் மூன்று மேடுள்ள நீளமான சின்ன வெள்ளை ஓடுகள் கூட்டமாகவும் இருந்தால் அது அவுலகாஸ்பிஸ் டியூபர்குலாரிஸ் என்ற மாஞ்செதில். தென்னோலையிலேயே கறுப்பு நூல் துண்டு ஒட்டியது போல இருந்தால் அது இஸ்நாஸ்பிஸ் லொஞ்சிரோஸ்ட்ரிஸ், அதுவும் இதே குடும்பம்தான்.

அப்ப பக்கத்து வளவுக்காரர்ர வாழையிலயிருந்துதான் வந்திருக்கு. வெட்டச் சொல்லவா?

வேண்டாம். போன பதிலின் பட்டியலைப் பாருங்கள், வாழையை வெட்டினால் கொய்யா நிற்கும், கொய்யாவை வெட்டினால் பலா நிற்கும். இத்தனை செடியில் வாழும் பூச்சியை ஏதாவது ஒரு செடியை ஒழித்து ஒழிக்க முடியாது. தவிர, வாழையிலும் கொய்யாவிலும் கொஞ்சமாக இருக்கிற செதிலைத் தின்றுதான் இதன் எதிரிப் பூச்சிகள் வருடம் முழுக்க உயிர் வாழ்கின்றன. அயலவரோடு சண்டை பிடித்து அந்த எதிரிகளையும் துரத்துவதில் ஒரு பயனும் இல்லை.

பனைக்கும் வருமா?

வரும், பனையும் அதன் உணவுச் செடிகளில் ஒன்று. ஆனால் நம் பக்கத்துப் பனைகளுக்கு இதனால் கவலைப்பட வேண்டிய தேவையை நான் காணவில்லை.

வேப்பமரத்து இலையிலயும் வட்டப் புள்ளி இரிக்கி. தென்னைக்கு வேப்பெண்ணெய் அடிக்கச் சொல்றீங்க, வேம்புக்கே வருதே?

நல்ல கேள்வி. வேம்பில் வருவது பெரும்பாலும் வேறு இனம், அவோனிடியெல்லா ஒரியன்டாலிஸ். அதே ஓட்டுச் செதில் குடும்பம், ஓடு கொஞ்சம் தடிப்பு, நிறம் மண்ணிறம் கலந்தது. ஆபிரிக்காவில் சாட் ஏரியைச் சுற்றியுள்ள நாடுகளில் வரிசை வரிசையாக நட்ட வேம்புகளை அது வாட்டி எடுத்திருக்கிறது. வாழையிலும் பப்பாசியிலும்கூட வரும், அதனால்தான் தென்னைச் செதிலோடு குழம்புகிறது.

வேப்பெண்ணெய் ஓட்டுச் செதிலில் வேலை செய்வது பெரும்பாலும் அது எண்ணெய் என்பதால்தான். எண்ணெய்ப் படலம் குஞ்சின் மூச்சுத் துளைகளை அடைக்கிறது. வேம்பின் இலைக்குள் வாழப் பழகிய பூச்சிக்கு வேம்பின் சாறு பெரிய பகையாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாதுதானே.

காலில்லாத பூச்சி மரம் விட்டு மரம் எப்படிப் போகுது?

நடக்கும் குஞ்சுப் பருவத்தில் போகிறது. பொரித்து ஓரிரு நாளுக்குள் அது உட்கார்ந்துவிட வேண்டும், அதற்குள் நடந்து போகக்கூடிய தூரம் சில மீற்றர்கூட இல்லை. தூரப் பயணத்துக்குக் காற்றுத்தான் வாகனம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஓலையோடு ஓலை உரசும்போது ஒரு மரத்துக் குஞ்சு அடுத்த மரத்துக்கு ஏறிவிடும், சில காற்றோடு பறந்தே போகும். பறவையின் காலிலும் வண்டின் உடம்பிலும் ஒட்டிப் போவதும் உண்டு.

மனிதர்தான் இதை அதிக தூரம் கொண்டு போகிறோம். தென்னங்கன்று, வாழைக்குட்டி, அலங்காரச் செடி வாங்கும்போது இலையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து பையில் ஒரு கன்றை ஒளித்துக் கொண்டு வருவதும் நடக்கிறது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அதை ஏன் தடுக்கிறது என்பது கீழே பிலிப்பைன்ஸ் பற்றிய பதிலைப் படித்தால் விளங்கும்.

எத்தனை நாளில பெருகும்?

முட்டை ஒரு கிழமை அளவில் பொரிக்கும். முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக ஏறத்தாழ ஐந்து கிழமை. அப்படிப் பார்த்தால் வருடத்தில் பத்துத் தலைமுறை வரை வரலாம், ஒரு பெண் சில பத்து முட்டைகள் இடும். நம்முடைய மாரி மழை நவம்பர், டிசம்பரில் கொட்டும்போது நடக்கும் குஞ்சுகளில் ஏராளம் கழுவுண்டு போகும். மழை விட்ட பின், வெயில் காலத்தில் மறுகா ஏறும். மே முதல் செப்ரெம்பர் வரை மாதம் ஒரு தடவை கீழோலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஓலை மஞ்சளாகினா எல்லாம் இதுதானா? உரம் போட்டாச் சரி வருமா?

கரையோர மணல் தரையில் ஓலை மஞ்சளாவதற்குச் செதில்பூச்சியைவிடச் சத்துக் குறைவுதான் பொதுவான காரணம். மக்னீசியம் குறைந்தால் முதிர்ந்த கீழோலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகி வரும், வெயில் படும் பகுதி கூடுதலாக மஞ்சளாகும், ஈர்க்கை ஒட்டிய இடம் பச்சையாகவே நிற்கும். அதற்கு டொலமைற் இடுவது வழக்கம். பொட்டாசியம் குறைந்தால் செம்மஞ்சள் புள்ளிகள் வரும்.

செதில்பூச்சியின் மஞ்சள் திட்டுத் திட்டானது. மேலே மஞ்சள் திட்டு இருக்கும் இடத்துக்கு நேர் கீழே ஓலையைத் திருப்பினால் ஓடு இருக்க வேண்டும். ஓடு இல்லை என்றால் பூச்சி மருந்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். தேங்காயின் தோல் பழுப்பாக வெடித்து வடுப்பட்டிருந்தால் அது இன்னொரு சங்கதி. கண்ணுக்குத் தெரியாத உண்ணி வகை ஒன்றின் வேலை அது, 1997இல் கற்பிட்டியில் முதலில் கண்டார்கள்.

மரம் செத்துப் போயிருமா?

வளர்ந்த மரம் இதனால் சாவது மிக அரிது. கூட்டம் பெருத்தால் ஓலை வேளைக்கே காயும், குரும்பட்டி உதிரும், காய்ப்புக் குறையும். சிறு கன்றுதான் கவனிக்க வேண்டியது, அதற்கு ஓலையே நாலைந்துதானே.

நெருக்கி நட்ட, காற்றோட்டம் இல்லாத, ஒன்றின் ஓலை மற்றதில் முட்டும் வளவுகளில்தான் இது மோசமாகிறது. தென்னைக்கு 26 அடிக்கு 26 அடி இடைவெளி விடச் சொல்கிறார்கள். நாம் மதிலோரம் பன்னிரண்டு அடிக்கு ஒன்று வைத்துவிட்டு, பூச்சி வந்த பின் மருந்து தேடுகிறோம்.

இது வேற நோயையும் மரத்துக்குக் குடுக்குமா? வெலிகமப் பக்கம் வந்ததே?

கொடுக்காது. வெலிகமவில் 2006 வாக்கில் கண்ட இலை வாடல் நோய், சாறு ஓடும் குழாய்க்குள் வாழும் மிக நுண்ணிய உயிரியால் வருவது. அந்தக் குழாயில் வாய் வைக்காத பூச்சி அதை எடுத்துச் செல்ல வழியில்லை. வெள்ளை ஈ பற்றிய பதிலில் சொன்ன அதே வித்தியாசம்தான்.

அந்த மரத்து இளநீர் குடிக்கலாமா? ஓலையில கிடுகு பின்னலாமா?

தாராளமாகக் குடிக்கலாம். பூச்சி காயின் தோலில் ஒட்டியிருந்தாலும் உள்ளே போவதில்லை, அதில் நஞ்சும் இல்லை. நீங்கள் மரத்துக்கு அடித்த மருந்துக்குத்தான் பயப்பட வேண்டும்.

ஓலை காய்ந்தால் அதில் உட்கார்ந்த பூச்சி பட்டினியில் செத்துவிடும். கிடுகுக்கு ஓலையை எப்படியும் ஊறப்போடுகிறோம், அதிலும் மிச்சம் போகும். பச்சை ஓலையை மாட்டு வண்டியிலோ லாண்ட்மாஸ்டரிலோ அடுத்த ஊருக்கு ஏற்றாமல் வெட்டிய இடத்திலேயே ஊறப்போட்டால் போதும்.

மரத்தடியில உப்புப் போட்டாப் போகும் எண்டு உம்மா சொல்றா. உண்மையா?

தென்னைக்கு உப்புப் போடுவது பழைய பழக்கம், உப்பிலிருக்கும் குளோரின் தென்னைக்கு ஒரு சத்தும்கூட. ஆனால் ஓலையின் அடியில் கூரை போட்டுக்கொண்டு இருக்கும் பூச்சியை வேரடி உப்பு ஒன்றும் செய்யாது. கரையோரக் கிணறுகள் ஏற்கனவே உவர்ப்பு, கூட்ட வேண்டாம்.

மருந்தடிச்சு ஒரு மாசமாச்சு, வெள்ளை அப்படியே கிடக்கு. இன்னொருக்கா அடிக்கவா?

பொறுங்கள். பூச்சி செத்தாலும் ஓடு ஓலையிலேயே ஒட்டிக் கிடக்கும், மாதக்கணக்கில் கிடக்கும். வெள்ளையைப் பார்த்து இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை என்று அடிப்பவர்கள் வெறும் கூரைக்கு அடிக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு ஓடுகளை ஊசியால் தூக்கிப் பாருங்கள். நசித்தால் மஞ்சள் நீர் வந்தால் உயிர் உண்டு. காய்ந்து பழுப்பாகச் சுருங்கிக் கிடந்தால் செத்துவிட்டது.

ஓட்டில் ஊசியால் குத்தியது போல வட்டமான ஒரு துளை இருந்தால் மகிழுங்கள். அஃபைட்டிஸ், என்கார்சியா போன்ற மிகச் சின்னக் குளவிகள் செதிலைத் தின்று வளர்ந்து வெளியே வந்த வாசல் அது. ஓடு கிழிந்து பிய்ந்திருந்தால் வண்டு தின்றிருக்கிறது. இந்த இரண்டு அடையாளமும் நிறைய இருந்தால், அந்த மரத்துக்கு நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை.

கடையில வேரில ஊத்துற மருந்து தாறாங்க. மரமே உறிஞ்சி பூச்சிக்குக் குடுக்குமாம். நல்லதா?

எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. பரவலாகக் கிடைக்கும் இமிடாக்குளோபிரிட், மாப்பூச்சியிலும் மென்செதிலிலும் நன்றாக வேலை செய்யும், ஓட்டுச் செதிலில் பெரும்பாலும் தோற்கும். உறிஞ்சும் இடம் வேறு என்று மேலே சொன்னதுதான் இங்கே பெரிய காரணம். அத்தோடு நாம் தேங்காயைத் தின்கிறோம், இளநீரைக் குடிக்கிறோம். தென்னைப் பயிர்ச்செய்கைச் சபை அலுவலரைக் கேட்காமல் வேரிலோ தண்டிலோ எதையும் செலுத்த வேண்டாம்.

மேலே தெளிக்கிற கடும் மருந்துகளில் இன்னொரு சிக்கல். ஓட்டுக்குள் இருக்கும் செதில் தப்பிவிடும், வெளியே திரியும் எதிரி வண்டும் குளவியும் செத்துவிடும். இரண்டு மாதம் கழித்து முன்பைவிட அதிகமாக வெள்ளை வரும்.

அப்ப என்னதான் செய்யிறது?

முதலில் எதிரிப் பூச்சி இருக்கிறதா என்று மேலே சொன்ன அடையாளங்களைப் பாருங்கள். பிறகு, மஞ்சளாகிக் காயத் தொடங்கிய, அடி முழுக்க ஓடு மூடிய கீழோலைகளை மட்டும் வெட்டி அங்கேயே எரியுங்கள் அல்லது ஊறப்போடுங்கள். பச்சையாக இருக்கும் ஓலையை வெட்டிக் குவிப்பது மரத்துக்குப் பூச்சியைவிடக் கேடு.

கைக்கெட்டும் கன்றுகளுக்கும் வாழை, கொய்யாவுக்கும் வேப்பெண்ணெயைச் சவர்க்காரக் கரைசலில் கலக்கி இலையின் அடியில் படும்படி தெளிக்கலாம். போத்தலில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். முதலில் ஓர் இலையில் அடித்து இரண்டு நாள் பார்த்து, கருகவில்லை என்றால் மற்றதற்கு அடியுங்கள். காலையில் வேளைக்கு அல்லது பின்னேரம் வெயில் தணிந்த பிறகுதான். குஞ்சு பொரித்துத் திரியும் நேரத்தில்தான் இது நன்றாகப் பிடிக்கும், அதனால் பத்து நாள் போல் விட்டு இன்னொரு தடவை தேவைப்படும். 1978 நவம்பர் சூறாவளி விழுத்திய தென்னைகளுக்குப் பதிலாக வைத்தவை இன்று எவ்வளவு உயரம் என்று நிமிர்ந்து பாருங்கள். அந்த மரங்களுக்கு யாராலும் ஓலையின் அடியில் தெளிக்க முடியாது, அங்கே வண்டுதான் கதி.

கறுப்பா சின்ன வண்டு ஒண்டு ஓலையில ஊருது. அதையும் கொல்லவா?

தயவுசெய்து கொல்லாதீர்கள். மூன்று நான்கு மில்லிமீற்றர், பளபளப்பான கறுப்பு, அரைக்கோள வடிவம் என்றால் அது கிலோகோரஸ் நைகிரிட்டஸ், பொறிவண்டு இனம். அதன் புழுவுக்கு உடம்பெல்லாம் முள்ளு, பார்த்தால் அருவருப்பாக இருக்கும், ஆனால் அதுவும் செதிலைத்தான் தின்கிறது. ஓலையை இரண்டும் தொடாது.

தெற்காசியாவுக்குச் சொந்தமான இந்த வண்டை 1930களின் இறுதியில் சீசெல்சுக்கும் மொரீசியசுக்கும் கொண்டுபோய்த் தென்னைச் செதிலை அடக்கினார்கள். பிஜித் தீவுகளில் 1920களில் இதே செதில் தென்னைகளைப் பாழாக்கியபோது, 1928இல் ட்ரினிடாட்டிலிருந்து கிரிப்டோக்னாதா நோடிசெப்ஸ் என்ற இன்னொரு பொறிவண்டைக் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். மிகக் குறுகிய காலத்தில் செதில் அடங்கியது, பூச்சியைப் பூச்சியால் அடக்கியதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணங்களில் அது ஒன்று. அவர்கள் கடல் கடந்து தேடிப் போனது நம் வளவில் சும்மா ஊர்கிறது. அதை மருந்தடித்துக் கொல்வதைப் பார்க்கும்போதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

பிலிப்பைன்சில இந்தப் பூச்சி இலட்சக்கணக்கில மரத்தை அழிச்சதாமே? நீங்க சாகாது எண்டு சொல்றீங்க?

அழித்தது உண்மை, ஆனால் அது இந்தப் பூச்சி அல்ல. 2009, 2010 வாக்கில் மணிலாவுக்குத் தெற்கே பட்டங்காஸ் மாகாணத்தில் தென்னைகள் கருகத் தொடங்கின. எல்லோரும் அஸ்பிடியோட்டஸ் டெஸ்ட்ரக்டர் என்றே நினைத்தார்கள், ஓடும் உடலும் அப்படியே. ஆனால் வழக்கமாக அதை அடக்கும் எதிரிகளால் இதை அடக்க முடியவில்லை. 2014இல் அந்நாட்டு ஜனாதிபதி அவசர ஆணையே பிறப்பிக்க வேண்டியதாயிற்று.

மாதிரிகளை நுணுக்கமாகப் பார்த்தபோது அது அஸ்பிடியோட்டஸ் ரிஜிடஸ் என்று தெரிந்தது. இந்தோனேசியாவின் சங்கித் தீவில் 1925 முதல் 1928 வரை தென்னைகளை நாசமாக்கிய பூச்சி. ரெய்னெ என்ற டச்சு ஆய்வாளர் அதை 1947இல் டெஸ்ட்ரக்டரின் துணையினமாக விவரித்தார், பிற்பாடு தனி இனமாக உயர்த்தினார்கள். மங்குஸ்தானிலும் அது நன்றாகப் பெருகும். இனம் சரியாகத் தெரிந்த பிறகு அதற்கே உரிய எதிரியைத் தேடினார்கள். லகுனா மாகாணத்தின் கலாவான் பகுதியில் கிடைத்த ஒரு சின்னக் குளவிக்கு 2016இல் கொம்பெரியெல்லா கலாவானிக்கா என்று பேரிட்டார்கள். அதை வளர்த்து விட்டதும் நிலைமை திரும்பியது. பேரைத் திருத்தியதால்தான் மரம் பிழைத்தது என்று சொன்னால் அது மிகை அல்ல.

அந்த ரெண்டையும் வீட்டில வச்சுப் பிரிச்சறிய ஏலுமா?

ஓரளவு ஏலும். முட்டைகளைப் பாருங்கள். டெஸ்ட்ரக்டர் தன் உடம்பைச் சுற்றி வளையமாக முட்டையிடும். ரிஜிடஸ் பின்பக்கமாகப் பிறை வடிவில் இடும். டெஸ்ட்ரக்டரின் உடம்பு மெதுமை, ஓடு இலகுவாகக் கழலும். ரிஜிடஸ் முதிர்ந்ததும் உடல் விறைத்துவிடும், ஓடும் இறுகியிருக்கும், வளர எடுக்கும் காலமும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பிறை வடிவ முட்டையைக் கண்டதாக யாருக்காவது சந்தேகம் வந்தால் தள்ளிப் போடாமல் அறிவியுங்கள்.

போனில படம் எடுத்து அனுப்பினா பேர் சொல்லுவீங்களா?

ஓட்டுச் செதிலா, வெள்ளை ஈயா, மாப்பூச்சியா என்று சொல்லலாம். இனத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. இந்தக் குடும்பத்தில் ஓட்டை வைத்து இனம் பிரிப்பதில்லை. வளர்ந்த பெண்ணை எடுத்து, காரக் கரைசலில் உள்ளுடம்பைக் கரைத்து, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து, உடம்பின் பின்முனையை நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். அந்த முனையில் பல்லுப் போன்ற சின்ன மடல்கள் இருக்கும். டெஸ்ட்ரக்டருக்கு மூன்று சோடி, அதில் நடுச் சோடி பக்கத்துச் சோடியைவிடக் குட்டை. மடல், ஓரத்துத் தகடுகள், மெழுகுத் துளைகளின் ஒழுங்கு எல்லாம் பார்த்துத்தான் பேர் சொல்வார்கள். இப்போது மரபணுவையும் பார்க்கிறார்கள்.

சரி, ஆரிட்டக் காட்டுறது? எப்படிக் கொண்டு போறது?

ஓடு நிறைய உள்ள ஓலை இதழ்கள் நாலைந்தை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டு போங்கள். பொலித்தீன் பையில் கட்டினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். எந்த ஊர், எந்தத் திகதி, எந்தச் செடி, ஓலையின் எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். செடியின் பேர் இல்லாத மாதிரி ஆய்வாளருக்குப் பாதிதான் பயன்படும்.

அருகிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைப் பிடிக்கலாம். தென்னை என்றால் தென்னைப் பயிர்ச்செய்கைச் சபை அலுவலர் இருக்கிறார், அவர் வழியாக லுணுவிலவிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கும் அனுப்பலாம். மட்டக்களப்புக்காரருக்கு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடமும் பக்கத்தில் இருக்கிறது. விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம் 1920. கேட்கும்போது “வெள்ளையாக இருக்கிறது” என்று மட்டும் சொல்லாமல், ஓட்டைத் தூக்கியபோது உள்ளே என்ன இருந்தது, முட்டை எந்த வடிவில் கிடந்தது, துளை இருந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.